எம்டன் என்றால் எந்த எம்டன்?

முதுகலை இயற்பியல் பாடத்தில் 'லேன்-எம்டன் சமன்பாடு' என்று ஒன்று வரும். உயிர்வேதியியல் படிக்கிறவர்கள் 'எம்டன்-மேயர்ஹாஃப் வழி'யைத் தலைகீழாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பறவை வளர்ப்பு நூல்களில் எம்டன் வாத்து இருக்கிறது. பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே கடலடியில் எம்டன் ஆழம். யூத சமய வரலாற்றில் யாக்கோபு எம்டன் என்ற ரபி, அதாவது யூத மதகுரு. அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் எம்டன் என்ற சிற்றூர். நம் பக்கத்திலோ யாராலும் ஏமாற்ற முடியாத, கொஞ்சம் பயமும் தருகிற ஆளைப் பார்த்து "அவரு சரியான எம்டன்" என்கிறோம்.

இத்தனையும் ஒரே குடும்பமா, அல்லது வெறும் ஒலி ஒற்றுமையா? புதிதாகக் கேட்பவருக்கு இரண்டில் ஒன்றைச் சொல்லிவிடத் தோன்றும். இரண்டுமே முழுச் சரியில்லை. பெயர் தானாகப் போய் எதிலும் ஒட்டிக்கொள்ளாது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர், ஏதோ ஒன்றை மனதில் வைத்துத்தான் அதை இன்னொன்றுக்குச் சூட்டியிருக்கிறார். சூட்டியவர் யார், எதைப் பார்த்துச் சூட்டினார் என்று கேட்டுக்கொண்டே போனால், ஒரு பெயர் எப்படிக் கைமாறி வந்தது என்பது தெரிந்துவிடும். எம்டனை வைத்து அதைச் செய்து பார்க்கலாம். இதில் நமக்குச் சொந்த அக்கறையும் உண்டு. இந்தப் பெயர் கைமாறிய இடங்களில் சென்னையும் ஒன்று.

முதலில் ஊர்

எல்லாவற்றுக்கும் முன்னால் எம்டன் ஓர் ஊர். ஜெர்மனியின் வடமேற்கு மூலையில், நெதர்லாந்து எல்லையை ஒட்டி, எம்ஸ் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிற துறைமுக நகரம். மக்கள்தொகை ஏறத்தாழ 50,000. அந்தப் பகுதிக்குக் கிழக்கு ஃபிரீசியா என்று பெயர்.

1,200 ஆண்டுகளுக்கு முன் வணிகர் குடியிருப்பாகத் தொடங்கிய இந்த ஊரின் மிகப் பழைய பெயர்களில் ஒன்று 'அமுதோன்'. சங்கப் புலவர் பெயர் மாதிரி ஒலிக்கிறது, ஆனால் அமுதத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. சிற்றாறு ஒன்றின் முகத்துவாரம் என்பதுதான் பொருள். பிறகு எம்ப்டா, எம்டா, எம்ப்டன் என்று பல வடிவங்களில் எழுதப்பட்டுக் கடைசியில் எம்டன் ஆனது. நடுவில் வந்து போன அந்த 'ப்' எழுத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

16ஆம் நூற்றாண்டில் ஊருக்கு நல்ல காலம். ஸ்பெயினின் ஆட்சிக்குப் பயந்து நெதர்லாந்திலிருந்து ஓடிவந்த சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள் இங்கே அடைக்கலம் புகுந்தார்கள். 1571இல் அவர்கள் கூட்டிய எம்டன் மாநாடு டச்சுத் திருச்சபை வரலாற்றில் முக்கியமானது. 1744இல் ஊர் பிரஷ்ய அரசர் இரண்டாம் ஃபிரெடரிக் கைக்குப் போனது. அவர் 1750களில் எம்டனைத் தலைமையிடமாக வைத்து ஆசிய வணிகக் கம்பெனி ஒன்றைத் தொடங்கிச் சீனாவின் கான்டன் துறைமுகத்துக்குக் கப்பல் அனுப்பினார். தேயிலையும் பட்டும் பீங்கானும் வந்து இறங்கின. ஏழாண்டுப் போர் வந்ததும் கம்பெனி படுத்துவிட்டது. தேயிலை மட்டும் ஊரைவிட்டுப் போகவே இல்லை. இன்றும் கிழக்கு ஃபிரீசியர்கள் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 300 லிட்டர் தேநீர் குடிக்கிறார்கள். கோப்பையில் பெரிய கற்கண்டைப் போட்டு, அதன்மேல் சூடான தேநீரை ஊற்றி, ஓரமாகக் கொஞ்சம் பாலாடையை விடுவார்கள். கலக்கவே கூடாது. இலை பெரும்பாலும் அசாமிலிருந்து போவது. எம்டனுக்குப் போகிறவர்கள் காபி கேட்டுச் சங்கடப்பட வேண்டாம் என்பதற்காகச் சொன்னேன்.

ஊரிலிருந்து நேராகப் பெயர் வாங்கியவற்றைப் பார்ப்போம். எம்டன் வாத்து அப்படிப்பட்டது. நாம் குளத்தில் பார்க்கும் சின்ன வாத்து இல்லை, நீண்ட கழுத்தும் ஆரஞ்சு நிற அலகும் கொண்ட, தூய வெள்ளை நிறக் கூஸ் வாத்து. வளர்ந்த ஆண் 10 கிலோவைத் தாண்டும். ஆங்கிலத்தில் இதை இன்றும் 'எம்ப்டன்' என்றே எழுதுகிறார்கள். ஊர் தன் எழுத்தை மாற்றிக்கொண்டது, வாத்து மாற்றிக்கொள்ளவில்லை. இலினாயில் இருக்கும் எம்டன், கிழக்கு ஃபிரீசியாவிலிருந்து போய்க் குடியேறியவர்கள் தங்கள் பக்கத்து நகரத்தின் நினைவாக வைத்த பெயர். புது மண்ணில் பழைய ஊர்ப்பெயரை நட்டுவைப்பது எல்லாக் குடியேறிகளும் செய்வதுதான், அதில் மர்மம் ஒன்றுமில்லை.

ஊர்ப்பெயர் மனிதருக்கு வந்த வழி

இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஒருவருக்கு எம்டன் என்பது குடும்பப்பெயராக இருந்தால், அவர் எம்டனில் வாழ்கிறார் என்று பொருளாகாது. நேர்மாறாகத்தான் இருக்கும். காரைக்குடியில் யாரும் யாரையும் காரைக்குடிக்காரர் என்று கூப்பிடுவதில்லை. அவர் மதுரைக்கோ சென்னைக்கோ வந்து கடை போட்ட பிறகுதான் அந்தப் பெயர் ஒட்டுகிறது. ஊர்ப்பெயர் பட்டமாக வருவது ஊரைவிட்டு வந்தவர்களுக்குத்தான்.

யாக்கோபு எம்டன் இதற்குக் கச்சிதமான சான்று. அவர் பிறந்தது 1697இல், இன்றைய ஹாம்பர்க் நகரத்துக்குள் அடங்கிவிட்ட ஆல்டோனாவில். 1728 வாக்கில் எம்டன் நகர யூதர்களுக்கு ரபியாகப் போனார். சில ஆண்டுகள்தான் அங்கே இருந்தார். பதவியை விட்டுவிட்டு ஆல்டோனாவுக்கே திரும்பி, சொந்தமாக அச்சகம் வைத்து, 1776இல் இறக்கும் வரை பெரும்பாலும் அங்கேயே வாழ்ந்தார். 78 வயது வாழ்க்கையில் ஐந்தாறு ஆண்டு இருந்த ஊர், காலத்துக்கும் பெயரோடு தங்கிவிட்டது.

மனிதர் சாமானியப்பட்டவர் இல்லை. 1751இல் அதே ஊரின் தலைமை ரபியான யோனத்தான் ஐபெஷூட்ஸ் மீது ஒரு குற்றச்சாட்டைத் தூக்கிப் போட்டார். பிரசவத்துப் பெண்களுக்காக ஐபெஷூட்ஸ் எழுதிக் கொடுத்த தாயத்துகளில், தன்னை மெசியா என்று அறிவித்துவிட்டுக் கடைசியில் இஸ்லாத்துக்கு மாறிய சப்பத்தாய் செவியின் பெயர் சங்கேதமாக ஒளிந்திருக்கிறது என்பது குற்றச்சாட்டு. தாயத்தைப் பிரித்துப் படித்து, எழுத்தை எழுத்தாக மாற்றிப் பார்த்து வாதாடினார். ஐரோப்பாவின் யூத சமூகம் இரண்டாகப் பிரிந்து பல ஆண்டுகள் சண்டை போட்டது. நம்மூர்ப் பொருளிலும் அவர் எம்டன்தான் போலிருக்கிறது.

அடுத்து அந்த இரண்டு பாடப்புத்தக எம்டன்கள். இருவருமே குடும்பப்பெயர் வழியாக வந்தவர்கள். அதனால் சமன்பாட்டுக்கும் துறைமுகத்துக்கும் தொடர்பு தேட வேண்டாம், பெயருக்கு நடுவே ஒரு மனிதர் நிற்கிறார்.

குஸ்டாவ் எம்ப்டன் 1874இல் ஹாம்பர்க்கில் பிறந்து ஃபிராங்ஃபர்ட்டில் வேலை பார்த்த உயிர்வேதியியலாளர். நாம் சாப்பிடும் சர்க்கரை உயிரணுவுக்குள் எப்படி உடைகிறது என்பதைப் பத்துப் படிகளில் விளக்கும் பாதைக்கு அவர் பெயரையும் ஓட்டோ மேயர்ஹாஃப் பெயரையும் சேர்த்து வைத்தார்கள். ஆறு கரி அணு கொண்ட ஒரு குளுக்கோஸ், மூன்று கரி அணு கொண்ட இரண்டு பைருவேட்டாக முடியும். பாதையின் வரைபடத்தை ஒழுங்குபடுத்திய கையோடு 1933இல் எம்ப்டன் இறந்துவிட்டார். அவருடைய பெயரில் பழைய 'ப்' அப்படியே இருக்கிறது. தமிழில் எழுதும்போது நாம் அதை விட்டுவிடுகிறோம். வேறு வேறு எழுத்தில் இருந்த பெயர்கள் நம் கைக்கு வரும்போது ஒன்றாகிவிடுவது இப்படித்தான்.

ராபர்ட் எம்டன் கதை நமக்கு இன்னும் நெருக்கம். சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலன் ஊரில் 1862இல் பிறந்தவர், மியூனிக்கில் பேராசிரியர். ஒரு விண்மீன் என்பது என்ன? பெரிய வாயு உருண்டை. அதன் எடை அதை உள்ளே இழுக்கிறது, உள்ளே இருக்கும் அழுத்தம் வெளியே தள்ளுகிறது. இரண்டும் சமமாக இருக்கும்வரை உருண்டை நிற்கிறது. மையத்திலிருந்து விளிம்பு வரை அடர்த்தி எப்படிக் குறைந்துகொண்டே போகும்? 1870இல் அமெரிக்கரான ஜோனத்தன் ஹோமர் லேன் இந்தக் கேள்வியைத் தொட்டார். 1907இல் எம்டன் 'வாயு உருண்டைகள்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு முழு நூலே எழுதி, அழுத்தமும் அடர்த்தியும் எந்தெந்த விகிதத்தில் ஏறினால் விண்மீன் எப்படி இருக்கும் என்பதையெல்லாம் அட்டவணை போட்டுக் கொடுத்தார். கணினி இல்லாத காலம், எல்லாம் கையால் போட்ட கணக்கு.

அந்த அட்டவணையால் பெரும் பயன் பெற்றவர்களில் ஒருவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர். 1930 ஜூலை கடைசியில் பம்பாயில் கப்பல் ஏறி இங்கிலாந்துக்குப் போகும்போது அவருக்கு வயது 19. எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன வெண்குறு விண்மீன்களின் கணக்கைக் கப்பலிலேயே போட்டுப் பார்த்தார். எடை மிக அதிகமானால் உள்ளே எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கும். அப்போது அழுத்தம் ஏறும் விகிதம் மாறி, அந்த விகிதத்தை ஓர் எண்ணால் குறிக்கும் லேன்-எம்டன் சமன்பாட்டில் மூன்றாம் எண் வகைக்குள் போய்விழும். அந்த வகைக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. உருண்டை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் சிறியதாக இருந்தாலும் எடை ஒன்றுதான் வரும். அதற்கு மேல் எடை கூடினால் விண்மீன் தாங்காது. சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்று இன்று நாம் படிக்கும் சந்திரசேகர் வரம்பு அதிலிருந்து வந்தது. ராபர்ட் எம்டன், 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் சுவிட்சர்லாந்துக்கே திரும்பி, 1940இல் இறந்தார்.

ஊர் கப்பலாகிறது

சரி, நம்மூர் எம்டனுக்கு வருவோம். ஜெர்மன் கடற்படை தன் இலகு வகைப் போர்க்கப்பல்களுக்கு நகரங்களின் பெயரை வைப்பது வழக்கம். டிரெஸ்டன், நூரன்பர்க், கோனிக்ஸ்பர்க் என்று வரிசையாக வைத்தார்கள். அந்த வரிசையில் 1908 மே 26 அன்று டான்சிக் கப்பல்தளத்தில் ஒரு கப்பல் தண்ணீரில் இறங்கியது. பெயர் சூட்டியவர் எம்டன் நகர மேயரே. யார் சூட்டினார், எதைப் பார்த்து என்ற நம் இரண்டு கேள்விக்கும் இவ்வளவு துல்லியமாகப் பதில் கிடைப்பது அபூர்வம்.

மூன்று புகைபோக்கி, 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள் பத்து, ஏறத்தாழ 360 ஆட்கள். பெரிய கப்பல் என்று சொல்ல முடியாது. சீனக் கரையில் ஜெர்மனி வைத்திருந்த சிங்டாவ் துறைமுகத்தில் இருந்தது. 1914 ஆகஸ்டில் முதல் உலகப்போர் மூண்டதும் தளபதி கார்ல் ஃபான் முல்லர் கப்பலைத் தனியாக இந்தியப் பெருங்கடலுக்குள் ஓட்டிவந்தார். மரத்தாலும் கித்தானாலும் நான்காவதாக ஒரு போலிப் புகைபோக்கி கட்டி நிறுத்தினார்கள். தொலைவிலிருந்து பார்க்கிறவர் நான்கு புகைபோக்கி கொண்ட ஆங்கிலேயக் கப்பல் என்று நினைத்துக்கொள்ள வேண்டும். வங்கக் கடலில் வணிகக் கப்பல் ஒவ்வொன்றாக மறித்துப் பிடித்தார்கள். அதில் உள்ளவர்களைப் பத்திரமாக இறக்கி வேறு கப்பலில் ஏற்றிவிட்டு, வேண்டிய சரக்கை எடுத்துக்கொண்டு மூழ்கடிப்பார்கள். முதலில் சிக்கியவற்றில் ஒன்றான 'இண்டஸ்' கப்பலில் சோப்பு ஏராளமாக இருந்தது. எம்டனில் சோப்பு தீர்ந்துபோயிருந்த நேரம். மாலுமிகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

1914 செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை. இரவு ஒன்பதரை மணி வாக்கில் எம்டன் சென்னைக் கரைக்கு மூன்று கிலோமீட்டருக்குள் வந்து நின்றது. ஊரில் விளக்கு அணைக்கப்படவில்லை. அப்போது கலங்கரை விளக்கம் உயர்நீதிமன்றக் கட்டடத்தின் உச்சியில் இருந்தது, அதுவும் எரிந்துகொண்டிருந்தது. போர் என்பது ஐரோப்பாவில் நடக்கும் சமாச்சாரம், கடல் ஆங்கிலேயருடையது என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். கப்பல் தேடுவிளக்கைப் போட்டு, துறைமுகத்தை ஒட்டி நின்ற பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கண்டுபிடித்தது. சுமார் அரை மணி நேரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள். தொட்டிகள் பற்றிக்கொண்டன. துறைமுகத்தில் நின்ற வணிகக் கப்பல் ஒன்றும் அடிபட்டது. சிலர் இறந்தார்கள். கரையிலிருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சுட்டதில் ஒன்றும் படவில்லை. எம்டன் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் போய்விட்டது. எரியும் எண்ணெயின் வெளிச்சம் கடலில் வெகுதூரம் போன பிறகும் தெரிந்ததாம்.

சேதத்தைக் கணக்குப் பார்த்தால் பெரிதில்லை. ஆனால் அடுத்த நாட்களில் ஆயிரக்கணக்கானோர் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்தார்கள். முல்லர் எதிர்பார்த்ததும் இதுதான். ஆங்கிலேயரின் செல்வாக்கைக் குலைப்பதும் இந்தியர்களின் கவனத்தை ஈர்ப்பதும்தான் நோக்கம் என்று அவரே எழுதியிருக்கிறார். குண்டு விழுந்ததைச் சொல்லும் கல்வெட்டு உயர்நீதிமன்ற வளாகச் சுவரில் இன்னும் இருக்கிறது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் குண்டின் மிச்சம் இருக்கிறது. பாரிமுனைப் பக்கம் போகிறவர்கள் அந்தக் கல்லைத் தேடிப் பார்க்கலாம், கண்ணில் படாத இடத்தில்தான் இருக்கும்.

அப்புறம் கப்பல் இலங்கையைச் சுற்றிக்கொண்டு போய், அக்டோபர் 28 அன்று பினாங்குத் துறைமுகத்தில் நுழைந்து ரஷ்யப் போர்க்கப்பல் ஒன்றையும் பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஒன்றையும் மூழ்கடித்தது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளின் தந்தி நிலையத்தை உடைக்கப் போன இடத்தில் ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பலிடம் மாட்டியது. 130 பேருக்கு மேல் இறந்தார்கள். கப்பலைத் தீவில் மோதவிட்டு முல்லர் சரணடைந்தார். அதன் பீரங்கிகளில் ஒன்று இன்றும் சிட்னி நகரப் பூங்கா ஒன்றில் நிற்கிறது.

கப்பல் சொல்லாகிறது

ஆளின் பெயர் குணத்தின் பெயராக மாறுவது நமக்குப் புதிதில்லை. சகுனி, நாரதர், கும்பகர்ணன் என்று புராணத்திலிருந்தே எடுத்து வைத்திருக்கிறோம். கப்பலின் பெயர் அப்படி ஆனதுதான் அதிசயம். திடீரென்று வரும், எங்கிருந்து வந்தது என்று தெரியாது, வேஷம் போட்டு ஏமாற்றும், அடித்துவிட்டுத் தப்பித்துவிடும். இந்தக் குணங்கள் சேர்ந்த ஆள் எம்டன். கறார் அப்பா எம்டன், கணக்கு வாத்தியார் எம்டன், வாடகை கேட்டு வாசலில் வந்து நிற்கும் வீட்டுக்காரர் எம்டன். திட்டும்போதே அதில் ஒரு மரியாதை கலந்திருக்கும். கையாலாகாதவனை யாரும் எம்டன் என்பதில்லை.

எமன், எமகாதகன் என்ற சொற்கள் ஏற்கெனவே நம் வாயில் இருந்ததால் எம்டன் எளிதாகப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது என்பது என் ஊகம். எமனுக்கும் எம்டனுக்கும் பிறப்பில் தொடர்பு இல்லை, பழக்கத்தில் வந்த தொடர்புதான். சிங்களத்திலும் தந்திரக்காரனுக்கு எம்டன் என்ற பெயர் உண்டு. அங்கே குழந்தைகளைப் பயமுறுத்தவும் எம்டனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மலையாளத்தில் மிகப் பெரியது என்ற பொருளில் வரும் 'யமண்டன்' என்ற சொல்லையும் இந்தக் கப்பலோடு சேர்த்து விளக்குவது உண்டு.

2006இல் 'எம்டன் மகன்' என்ற பெயரில் ஒரு தமிழ்ப் படம் தயாரானது. கறார் அப்பாவின் கதை என்பதால் தலைப்பு பொருத்தம்தான். அந்தச் சமயத்தில் தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கு என்று அரசு அறிவித்தது. எம்டன் தமிழ்ச் சொல் ஆகாது என்பதால் படம் 'எம் மகன்' என்று மாறி வெளிவந்தது. 90 ஆண்டுக்கு மேல் தமிழர் வாயில் புழங்கிய சொல்லுக்குத் தமிழ் என்ற சான்றிதழ் கிடைக்கவில்லை. எனக்கு அதில் இன்னும் வருத்தம்தான்.

இன்னொரு எம்டனையும் இங்கே சொல்ல வேண்டும். திருவனந்தபுரத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளையை 'எம்டன் செண்பகராமன்' என்றே பலர் குறிப்பிடுகிறார்கள். சென்னையில் குண்டு போட வந்த கப்பலில் அவரும் இருந்தார், கரையிறங்கிக்கூடப் போனார் என்று மேடையிலும் கட்டுரையிலும் சொல்லப்படுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆதாரம் இல்லை. 1914 செப்டம்பரில் அவர் ஐரோப்பாவில், சூரிச்சிலும் பிறகு பெர்லினிலுமாக, இந்திய விடுதலைக்கு ஆதரவு திரட்டிக்கொண்டிருந்தார். அவர் செய்த வேலைக்கு இந்தக் கதையின் துணை தேவையே இல்லை. ஆனாலும் பெயர் ஒட்டிவிட்டது. ஏறாத கப்பலின் பெயரைத் தாங்கும் மனிதர் என்று ஒரு தனி வகையே வைக்கலாம்.

கப்பல் தந்த மற்ற பெயர்கள்

உண்மையாகவே அந்தக் கப்பலில் இருந்தவர்களுக்கு வேறொன்று கிடைத்தது. பிழைத்து ஊர் திரும்பியவர்கள் தங்கள் குடும்பப்பெயருக்குப் பின்னால் ஒரு கோடு போட்டு 'எம்டன்' என்று சேர்த்துக்கொள்ள அனுமதி வழங்கப்பட்டது. பிள்ளைகளுக்கும் அது தொடரும். கப்பலில் டார்பிடோ அதிகாரியாக இருந்த இளவரசர் ஃபிரான்ஸ் யோசெஃப் இப்படித்தான் ஹோகென்சோலர்ன்-எம்டன் ஆனார். ஆக ஜெர்மனியில் எம்டன் என்ற பெயர் கொண்ட குடும்பங்கள் இரண்டு வகை. கோடு இல்லாத எம்டன் ஊரிலிருந்து வந்தது. கோடு போட்ட எம்டன் கப்பலிலிருந்து வந்தது, அவர்கள் பாட்டன் முப்பாட்டன் அந்த ஊரை எட்டிக்கூடப் பார்த்திராதவர்களாக இருக்கலாம்.

கடற்படையும் பெயரை விடவில்லை. 1916இல் இரண்டாவது எம்டன் சேவைக்கு வந்தது. 1925 ஜனவரியில் மூன்றாவது தண்ணீரில் இறங்கியது. அதற்குப் பெயர் சூட்டியவர் முல்லரின் மனைவி, முல்லர் இறந்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. 1961, 1983 ஆண்டுகளில் இன்னும் இரண்டு, 2023இல் ஹாம்பர்க்கில் பெயர் சூட்டப்பட்டது ஆறாவது. காகிதத்தில் பார்த்தால் இவை அனைத்தும் ஊரின் பெயரைத்தான் தாங்குகின்றன. ஆனால் 1914க்குப் பிறகு அந்தப் பெயரை வைத்தவர்கள் ஊரைவிட முதல் கப்பலைத்தான் நினைத்திருப்பார்கள் என்பதில் சந்தேகமே இல்லை.

மூன்றாவது எம்டன் பயிற்சிக் கப்பல். உலகம் சுற்றிக்கொண்டிருந்தபோது 1927இல் பிலிப்பைன்ஸ் அகழியின் மேலே நின்று, ஒலியை அனுப்பி அது திரும்பும் நேரத்தை அளந்து பார்த்தது. ஆழம் 10 கிலோமீட்டருக்கும் மேல் என்று தெரிந்தது. அந்த இடம் எம்டன் ஆழம் ஆனது. முதலில் சொன்ன எண் கொஞ்சம் கூடுதல் என்று பின்னால் திருத்தினார்கள். 2021இல் அமெரிக்கரான விக்டர் வெஸ்கோவோவும் பிலிப்பைன்ஸ் விஞ்ஞானி டியோ ஓண்டாவும் நீர்மூழ்கியில் அடி வரை போய் 10,045 மீட்டர் என்று அளந்தார்கள். ஊரிலிருந்து முதல் கப்பல், முதல் கப்பலின் நினைவாக மூன்றாவது கப்பல், அதிலிருந்து கடலடிப் பள்ளம் என்று பெயர் மூன்று கை மாறியிருக்கிறது. ஊரின் பெயர் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டால் நடுவில் நடந்ததெல்லாம் காணாமல் போய்விடும்.

கடைசியாக, சேர்க்கக் கூடாதவை சில. 1870இல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூட்டிய 'எம்ஸ் தந்தி' எம்டன் ஓரத்து எம்ஸ் ஆற்றிலிருந்து போனதில்லை. அது போனது லான் ஆற்றங்கரையில் இருக்கும் பாட் எம்ஸ் என்ற வெந்நீர் ஊற்று ஊரிலிருந்து. ஈடாம் சீஸுக்கும் எம்டனுக்கும் சம்பந்தமில்லை, ஈடாம் நெதர்லாந்தில் இருக்கிறது. ஓட்டை ஓட்டையாக இருக்கும் எம்மென்டால் சீஸ், சுவிட்சர்லாந்தில் எம்மெ ஆற்றுப் பள்ளத்தாக்கில் பிறந்தது.